மேட்டில் அசைந்த துண்டு

சூசை,

அன்று நான் சொல்லாமல் விட்டது மூன்றே சொற்கள். ‘துண்டைக் கீழே போடுங்கள்.’ சொல்ல ஒரு மூச்சுகூடத் தேவைப்பட்டிருக்காது. செம்பாறை மேட்டில் உன் அப்பாவுக்கு நாலடி பின்னால்தான் நின்றிருந்தேன். எனக்குத் தொண்டைக் கட்டு இல்லை. காற்றும் என் பக்கத்திலிருந்து அவர் பக்கமாகத்தான் வீசியது. ஆனாலும் சொல்லவில்லை. நீ அப்போது கீழே கடலில், வள்ளத்தின் விளிம்பைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, காலையில் தின்ற ஆறு இட்டிலியையும் மீன்களுக்குத் தானம் செய்துகொண்டிருந்தாய். மூன்று வருடமாக அந்த நாளின் கதையை வள்ளத்திலிருந்து பார்த்தபடியே எல்லோருக்கும் சொல்லி வருகிறாய். சிரிப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் மேலேயிருந்து பார்த்தவள் ஒருத்தி இருக்கிறாள். அவள் இதுவரை வாயைத் திறக்கவில்லை.

திங்கட்கிழமை நீயும் லூர்துவும் விசாகப்பட்டினத்துக்குக் குடித்தனம் போக ரயிலேறுகிறீர்கள். நேரில் சொல்லலாம் என்றால், நம் வீட்டில் பேசுவதற்கு மூன்றாம் வீட்டிலிருந்து பதில் வரும். அதனால் எழுதுகிறேன். உன் டிரங்குப் பெட்டியில் போர்வைக்கு அடியில் வைத்துவிடுவேன். ரயில் கிளம்பிய பிறகு படி. நடுவழியில் கோபம் வந்தாலும் இறங்கி வர முடியாது அல்லவா.

இந்த வீட்டுக்கு நான் இரண்டாம் தாரமாக வந்தபோது எனக்குப் பத்தொன்பது வயது, உனக்குப் பத்து. அம்மா என்று கூப்பிட உனக்கு மனமில்லை. மகனே என்று கூப்பிட எனக்கு வெட்கம். சித்தி என்று நீயாக ஒரு வழி கண்டுபிடித்தாய். அதற்கு அப்புறமும் நாம் இருவரும் ஒரே பெஞ்சில் உட்கார நேர்ந்த இரண்டு பிரயாணிகள் போலத்தான் இருந்தோம். அதை மாற்றியது வாசகசாலை. கல்யாணமான புதிதில் ஒரு நாள் தைரியமாக நானே அங்கே போனேன். உள்ளே ஏழு பேர் பத்திரிகை படித்துக்கொண்டிருந்தார்கள். ஏழு பத்திரிகையும் ஒரே சமயத்தில் கீழே இறங்கின. நான் வெளியே வரும்வரை ஒருவரும் பக்கத்தைப் புரட்டவில்லை. அடுத்த சனிக்கிழமை ஒரு துண்டுச் சீட்டில் புத்தகப் பெயர்களை எழுதி உன்னிடம் கொடுத்தேன். அன்றிலிருந்து பதினோரு வருடம், வாரம் இரண்டு புத்தகம். மழையில் வந்தால் சட்டைக்குள் வைத்துக்கொண்டு வருவாய். துறைமுகத்துக் கரித்தூளைத் துடைத்துத்தான் என் கையில் தருவாய். ஒன்றையும் நீ பிரித்துப் பார்த்ததில்லை. எதற்கு இத்தனை என்று கேட்டதும் இல்லை. நான் உனக்குச் செய்ததைவிட நீ எனக்குச் செய்தது அதிகம் என்பதை இப்போதாவது எழுதி வைக்கிறேன்.

உன் அப்பாவைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. அவர் தவறே செய்யாதவர். அதாவது, தான் செய்த தவறு எதுவும் அவர் காதுக்கு எட்டியதில்லை. எண்ணூர் முகத்துவாரத்துக்குப் போனோமே, நினைவிருக்கிறதா? மீன்குழம்புத் தூக்கை மணல் திட்டில் வைத்துவிட்டு, “இன்னும் ரெண்டு மணி நேரத்துக்குத் தண்ணி ஏறாது, நான் சொல்றேன்” என்றார். அரை மணியில் தூக்கு மிதந்து போனது. நீ அழுதாய். “இன்னாத்துக்குடா அய்வுற? ஆத்துக்கு நாமளே குட்த்தோம்னு வெச்சிக்க” என்று சொல்லிவிட்டு வெறுஞ்சோற்றை ருசித்துச் சாப்பிட்டார். துறைமுகத்தில் அவருடைய வேலையும் எதிர்க்கேள்வி வராத வேலைதான். கப்பலின் மேல்தட்டில், சரக்கறையின் வாயோரம் நின்று கிரேன்காரனுக்குக் கைகாட்டுகிறார். கிரேன்காரனுக்குக் கப்பலின் வயிற்றுக்குள் என்ன இருக்கிறதென்று தெரியாது. இவர் கை மட்டும்தான் தெரியும். இருபது வருடமாக இவர் கைக்கு இரும்பு ஏறி இறங்கியிருக்கிறது. அப்படிப்பட்ட கை வீட்டில் மட்டும் சும்மா இருக்குமா? சோறு போதும் என்பதற்கே இரண்டு கையையும் விரித்துக் காட்டுகிறவர்.

செம்பாறைக்குப் பெண் பார்க்கக் கிளம்பினோம். அவரோடு வேலை செய்யும் தெற்கத்திக்காரர் ஒருவர் சொன்ன இடம். ரயில் செங்கல்பட்டைத் தாண்டியதும் எனக்கு உபதேசம் ஆரம்பமானது. “தோ பாரு, அங்க வந்து நீ வாயே தொறக்காத. புஸ்தகத்துல பட்ச்சதெல்லாம் எட்த்து வுட்டுக்கினு இருந்தேன்னு வெய்யி, பொண்ணு குடுக்க பயந்துக்குவாங்க. சிரிச்சிக்கினே தலைய ஆட்டு. அது போதும்.” நீ எதிர்ப் பலகையில் தூங்குகிற மாதிரி பாவனை செய்தாய், உன் காது சிவந்திருந்தது. நான் அங்கேயே சிரித்துத் தலையாட்டிப் பழகிக்கொண்டேன். உள்ளே என்ன பொங்கியது என்பது வேறு விஷயம்.

அந்த ஊரின் மேட்டைப் பார்க்கவென்றே வெளியூர்க்காரர்கள் வருவார்கள் என்று கேள்விப்பட்டிருந்தோம். ஆனாலும் நேரில் பார்த்ததும் நம் மூன்று பேரும் கையிலிருந்த பையைக் கீழே வைத்துவிட்டோம். தரை மெல்ல மெல்ல ஏறிக்கொண்டே போகிறது. பிறகு, ஏதோ மறந்துபோனதைப் போலச் சட்டென்று நின்றுவிடுகிறது. அதற்குக் கீழே செங்கல் சூளையின் சுவர் மாதிரி செக்கச்செவேலென்று செங்குத்தாக ஒரு சரிவு. அடியில் கரும்பாறைகள். கடல் அவற்றின்மேல் வந்து விழுந்து, வெள்ளையாக எழுந்து, மறுபடி விழுகிறது. ராயபுரத்துக்காரர்களுக்குக் கடல் என்பது தெருக்கோடியில், நம்மோடு ஒரே மட்டத்தில் இருக்கிற பழகிய ஆள். அதை அத்தனை உயரத்திலிருந்து குனிந்து பார்ப்பது எனக்கு மரியாதைக் குறைவாகப்பட்டது. மேட்டின் ஒரு பக்கம் தாழ்ந்து சின்ன மணற்கரையாக முடிகிறது. அங்கேதான் வீடுகள், வள்ளங்கள், கோயில், லூர்துவின் வீடு.

முதல் நாள் சாயங்காலம் லூர்து தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். அதன் பிறகு நீ கிணற்றடிக்கு என்னைத் தேடி வந்தாய். “சித்தி, எனக்குப் புட்ச்சிகீது. நைனா எதுனா பேசிக் கெட்த்துடாம நீதான் பாத்துக்கணும்” என்றாய். உன் வாழ்நாளில் நீ என்னிடம் கேட்ட முதல் உதவி. நான் சரி என்றேன். இதை நினைவில் வைத்துக்கொண்டு மேலே படி.

மறுநாள் காலை லூர்துவின் அண்ணன் இன்னாசி உன்னைக் கூட்டிப்போக வந்தான். “மெட்ராஸ்ல கப்பலெல்லாம் பாத்திருப்பிய மாப்ள. நம்ம வள்ளத்துலயும் ஒரு சுத்து வந்து பாருங்க.” பரீட்சை என்று உனக்கும் தெரிந்தது, எனக்கும் தெரிந்தது. நீ போனாய். லூர்து என்னை மேட்டுக்கு அழைத்துச் சென்றாள். வலை ஏற்றிய வள்ளம் தீப்பெட்டி அளவில் தெரிந்தது. அதில் நீ ஒரு குச்சி. உற்சாகமாக இருக்கட்டுமே என்று கைக்குட்டையை எடுத்து ஆட்டப் போனேன். அவள் பாய்ந்து என் கையைப் பிடித்தாள்.

“வீசாதீய மாமி! எங்கப்பா துணியத் தவிர இங்க வேற துணி அசையப்பிடாது.”

காரணத்தையும் சொன்னாள். மீன் கூட்டம் வந்தால் தண்ணீர் கறுக்கும். அது மேட்டிலிருந்துதான் தெரியும். வள்ளத்தில் இருப்பவர்களுக்குத் தெரியாது. அவளுடைய அப்பா மிக்கேல் மேலே நின்று வெள்ளைத் துணியை ஆட்டுவார். வலப்பக்கம் வீசினால் வள்ளம் வலப்பக்கம் திரும்பும். இடப்பக்கம் என்றால் இடப்பக்கம். இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிக் கீழே இறக்கினால் வலையை விட்டுவிடுவார்கள். “யாரு நிக்காவன்னு மூஞ்சியப் பாக்க மாட்டாவ மாமி. துணியத்தான் பாப்பாவ. நான் தாவணியக்கூட இடுப்புல சொருகிட்டுத்தான் மேல வருவேன்.” நான் கைக்குட்டையை இடுப்பில் சொருகிக்கொண்டேன்.

அப்போதுதான் உன் அப்பா தோளில் நீளமான வெள்ளைத் துண்டோடு மேலே வந்து சேர்ந்தார். சம்பந்தி மேடேறி வந்துவிட்டார், வெறுங்கையோடு நிற்க வைப்பதா என்று மேட்டிலேயே நின்றிருந்த மிக்கேலுக்குத் தவிப்பு. கடலைப் பார்த்தார். “தண்ணி வெளுத்துதான் கெடக்கு. இப்பம் ஒண்ணும் வராது. பதனி எடுத்துட்டு வாறேன், நில்லுங்க” என்று இறங்கினார். லூர்துவும் கூடப் போனாள். மேட்டில் நானும் உன் அப்பாவும் மட்டும். மதுரைப் பக்கத்திலிருந்து மேட்டைப் பார்க்க வந்திருந்த ஒரு வாத்தியாரும் அவர் மனைவியும் சற்றுத் தள்ளி நின்றார்கள்.

உனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். உன் அப்பா பயந்து போயிருந்தார். கப்பலில் எத்தனையோ உயரத்தில் நிற்கிறவர்தான். ஆனால் அங்கே காலுக்கடியில் இரும்பு இருக்கும், கைக்கு ஒரு கம்பி இருக்கும். இங்கே புல்லும் காற்றும்தான். விளிம்பிலிருந்து நான்கு கஜம் தள்ளி நின்று, அதற்கு மேல் ஓர் அங்குலம் நகரவில்லை. அவர் பயந்தால் பேசுவார். வாத்தியாரைப் பார்த்துப் பேசத் தொடங்கினார்.

“இதெல்லாம் ஒரு ஒசரமா சார்? கப்பல்ல வந்து பாருங்க. நாம மேல நின்னுகினு, கீய முப்பது டன்னு இரும்பு தொங்கிக்கினு இருக்கும். எல்லாம் இந்தக் கைதான்.”

வாத்தியார் பாவம், விஷயம் தெரிந்துகொள்ளும் ஆசை உள்ளவர். “எப்படிக் கை காட்டுவீர்கள்?” என்று கேட்டுவிட்டார்.

உன் அப்பா துண்டை உதறி எடுத்தார். “இப்டி வீசுனா சோத்துக்கைப் பக்கம்.” நீட்டி, அழகாக, இருபது வருட அனுபவத்தோடு வீசினார். கீழே தீப்பெட்டி வலப்பக்கம் திரும்பியது. “இப்டின்னா பீச்சாங்கைப் பக்கம்.” தீப்பெட்டி இடப்பக்கம் திரும்பியது. நான் பார்த்தேன். முதல் தடவை தற்செயல் என்று எண்ணினேன். இரண்டாம் தடவை எண்ணவில்லை. வாத்தியார் மனைவி, “இன்னொரு முறை காட்டுங்களேன்” என்றாள். தீப்பெட்டி மறுபடி வலப்பக்கம் திரும்பியது. அதில் இருந்த குச்சி விளிம்புக்கு மேல் மடங்கியது. அது நீ.

அந்த நேரத்தில் என் மனதில் ஓடியதை ஒளிக்காமல் எழுதுகிறேன். முதலில் வந்தது வீம்பு. வாயே திறக்காதே என்றீர்களே, திறக்கவில்லை, போதுமா? சிரித்துத் தலையாட்டச் சொன்னீர்கள், இதோ சிரிக்கிறேன். இதை நீ மன்னிப்பாய் என்று தெரியும், நீயும் அவர் பிள்ளைதானே. ஆனால் வீம்புக்கு அடியில் இன்னொன்று இருந்தது. இந்தச் சம்பந்தம் கலைந்தால் சனிக்கிழமைகள் எனக்குக் கலையாது. கல்யாணமானவன் சித்திக்காக வாசகசாலை வாசலில் நிற்பானா? இரண்டு புத்தகத்துக்காக நான் உன் கல்யாணத்தைக் கடலில் விடத் தயாராக இருந்தேன். அரை நிமிடம்தான். ஆனால் ஒரு வலையை இறக்க அரை நிமிடம் போதும்.

“எறக்குன்னா இப்டி சார்” என்று உன் அப்பா இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கி, துண்டோடு கீழே இறக்கினார்.

பதனிப் பானையோடு மிக்கேல் சரிவில் ஓடி வந்தது இப்போதும் கண்ணில் நிற்கிறது. “ஏ! யாருவே அது மேட்டுல? துணியப் போடுவே கீழ!” என்று கத்திக்கொண்டே வந்தவர், ஆளைப் பார்த்ததும் அப்படியே நின்றார். கோபத்தை விழுங்குவதா, மரியாதையை விழுங்குவதா என்று தெரியாமல் இரண்டும் தொண்டையில் சிக்கிக்கொண்டன. “சம்பந்தி... அந்தத் துண்ட... கொஞ்சம்...” என்றார். உன் அப்பா பூரிப்போடு திரும்பினார். “இன்னா சம்பந்தி, நீங்களும் பாக்கறீங்களா?” என்று இன்னொரு தடவை வீசிக் காட்டினார்.

அதற்குப் பிறகு கரையில் நடந்தது உனக்குத் தெரியும். ஆனால் நீ மணலில் குப்புறப் படுத்திருந்தாய், பாதிதான் கேட்டிருப்பாய். வலை பாறைமேல் விழுந்திருந்தது. இழுத்து வந்தபோது அதில் ஓட்டை இருந்தது என்பதைவிட ஓட்டைகளைச் சுற்றி அங்கங்கே வலை இருந்தது என்பதே சரி. உள்ளங்கை அகலத்தில் ஒரே ஒரு மீன். அதுவும் எப்படி வெளியே போவதென்று தெரியாமல்தான் தங்கியிருக்க வேண்டும். ஊர் ஆண்கள் கூடிவிட்டார்கள். “மேட்டுல நின்னது யாரு?” என்று ஒருவர் கேட்டார். “நான்தான். எடத்த விட்டுட்டுப் போனது நான்தான்” என்றார் மிக்கேல், தலையைக் குனிந்துகொண்டு. அதற்குள்ளே உன் அப்பாவுக்கு விஷயம் முழுதும் விளங்கிவிட்டது. நான் இந்த வீட்டுக்கு வந்த பதினோரு வருடத்தில் கேட்காத ஒன்றை அன்று கேட்டேன்.

“அவரு இல்ல. நான்தான் வீசனது. தப்பு எம்மேலதான் கீது.”

சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினார். “நீ பக்கத்துலதானே நின்னுகினு இருந்த? உனக்கு எதுனா தெரியுமா?”

தவறே செய்யாத மனிதர் ஊர் நடுவே தவறை ஒப்புக்கொண்டு நிற்கிறார். எத்தனையோ புத்தகம் படித்த நான் சிரித்துக்கொண்டே தெரியாது என்று தலையாட்டினேன். அவர் சொல்லிக் கொடுத்தபடியேதான். கூட்டத்துக்குப் பின்னால் லூர்து நின்றாள். அவள் கண் என் இடுப்பில் சொருகியிருந்த கைக்குட்டையில் இருந்தது.

அந்த ஊரில் அதற்கு ஒரு முறை உண்டு. வலையைக் கெடுத்தவர்கள், அது சரியாகும்வரை உட்கார்ந்து கிழிந்த கண்ணிகளை முடிய வேண்டும். “வலை கிழிஞ்சு கெடக்கையில நல்ல காரியம் பேச மாட்டோம். மொதல்ல முடியட்டும். பெறவு பாப்போம்” என்றார்கள். ‘பாப்போம்’ என்றதில் இருந்த வறட்சி உனக்கும் புரிந்தது. நீ மணலிலிருந்து தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாய். நான் கடலைப் பார்த்தேன்.

மூன்று நாள் வலை முடிந்தோம். உன் அப்பா முதல் நாள் துறைமுக முடிச்சுப் போட்டார். கப்பலைக் கட்டுகிற முடிச்சு. “இது அவுராது சம்பந்தி!” என்றார். “அவுராது சம்பந்தி. மீனும் உள்ள வராது” என்றார் மிக்கேல். அன்று முடிந்ததையெல்லாம் மறுநாள் வெட்டி எடுத்தார்கள். நீ பேசாமல் முடிந்தாய். பெண் வீட்டு ஊசியைப் பிடித்திருக்கிறோம் என்பதே உனக்குப் போதுமாக இருந்தது. இரண்டாம் நாள் பிற்பகல் லூர்து என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். தலை நிமிராமல் கேட்டாள்.

“ஒங்களுக்குத் தெரியுந்தான மாமி?”

“தெரியும்.”

அவள் நாலு கண்ணி முடிந்தாள். பிறகு, “என்னையப் புடிக்கலியா?” என்றாள்.

அதை நான் எதிர்பார்க்கவில்லை, சூசை. என் வீம்பு, என் புத்தகம், என் சனிக்கிழமை என்று எண்ணிக்கொண்டிருந்தேனே தவிர, அந்த அரை நிமிடத்தில் இவள் ஒருத்தி இருக்கிறாள் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். வாசகசாலை, ஏழு பத்திரிகை, நீ சட்டைக்குள் வைத்துக் கொண்டுவருவது எல்லாம். அவள் ஊசியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். “பொஸ்தவத்துக்கா?” என்றாள். பிறகு தாவணியை வாயில் அடக்கிக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். “நான் வந்தா நான் எடுத்துத் தாறேன் மாமி. எனக்கு எழுத்து தெரியாது. ஆனா அந்த ஏழு பேருக்கு நான் பயப்பட மாட்டேன். எங்க ஊர்க்கரையில எழுவது பேரு நிப்பானுவ.”

மூன்றாம் நாள் சாயங்காலம் வலையைக் கடலில் விட்டார்கள். வழக்கமான அளவுக்கு மீன் கிடைத்தது. அன்றைக்கே பேச்சு முடிந்தது. நம் ராயபுரம் கோயிலில் மூன்று ஞாயிற்றுக்கிழமை உங்கள் கல்யாண ஓலை வாசித்தார்கள். ‘இந்தத் திருமணத்துக்குத் தடை ஏதாவது அறிந்தவர்கள் தெரிவிக்க வேண்டும்’ என்று சாமியார் சொன்னபோதெல்லாம் நான் முக்காட்டை இன்னும் கொஞ்சம் இழுத்துக்கொண்டேன். அந்தத் தடை மூன்றாம் வரிசையில் உட்கார்ந்திருந்தது.

லூர்து சொன்னதைச் செய்தாள். நீ வேலைக்குப் போன சனிக்கிழமைகளில் அவள் வாசகசாலைக்குப் போனாள். புத்தகம் என்று சொன்னால் மேட்டுக் கதையும் வெளியே வந்துவிடும் என்று பயந்து, கடையில் துணி வாங்குகிறோம் என்றுதானே உன்னிடமும் அப்பாவிடமும் சொல்லி வந்தோம்? இத்தனை துணியை எங்கே வைத்திருக்கிறோம் என்று இருவரும் ஒரு நாளாவது கேட்டீர்களா? என் சீட்டை வழியில் மீன்காரியிடம் பேச்சுக் கொடுத்துத் தொலைத்துவிடுவாள். கனத்தைப் பார்த்து எடுத்து வருவாள். அதனால் நான் கோழி வளர்ப்பு, நட்சத்திரங்கள், பற்களின் நோய் எல்லாம் படித்தேன். மீன் ஆய்ந்துகொண்டே கதை சொல்லச் சொல்லிக் கேட்பாள். பல்லில் என்ன கதை என்றால் விடமாட்டாள். போன வருடத்திலிருந்து எழுத்துக் கூட்டுகிறாள். இந்தக் கடிதத்தை நீ அவளிடம் மறைக்க வேண்டாம். இதில் அவளுக்குத் தெரியாதது ஒன்றுமில்லை.

உனக்கு ஒன்று சொல்லத்தான் இத்தனையும் எழுதினேன். அங்கே போய் நீ கிரேன் ஓட்டப்போகிறாய். முகம் தெரியாத யாரோ ஒருவன் கையை நம்பி இரும்பை இறக்கப்போகிறாய். அவன் தவறாகக் காட்டினால் பக்கத்தில் நிற்கிறவன் சொல்வான் என்று நம்புவாய். வீட்டில் நீதான் அந்தப் பக்கத்தில் நிற்கிறவன். லூர்து தவறான பக்கம் துணி வீசுவதைப் பார்த்தால், வீம்புக்காகச் சிரித்துக்கொண்டு நிற்காதே. நீ வீசும்போது அவள் சொன்னால், இன்னொரு தடவை வீசிக் காட்டாதே. சொல்லாமல் விட்டது மூன்று சொல்தான். மூன்று வருடமாகச் சோற்றில் கல் மாதிரி கிடந்தது.

உன் அப்பாவிடம் போன வெள்ளிக்கிழமை சொன்னேன். துண்டு, கைக்குட்டை, புத்தகம், துணிக்கடை எதையும் விடவில்லை. கேட்டு முடித்துவிட்டு வெகுநேரம் கையைக்கூட அசைக்காமல் இருந்தார். “அப்போ அந்தக் கூட்டத்துல, தெரியாதுன்னு தலைய ஆட்டுனியே?” என்றார். “நீங்கள்தானே ஆட்டச் சொன்னீர்கள்” என்றேன். எழுந்து வெளியே போய்விட்டார்.

மறுநாள் சனிக்கிழமை, ஷிப்டு முடிந்து இரண்டு மணி நேரம் தாமதமாக வந்தார். வாசகசாலைக்குப் போயிருக்கிறார். இரண்டு தடித்த நாவல்களைக் கொண்டுவந்து அடுப்படியில் வைத்தார். இரண்டும் இரண்டாம் பாகம்.

உன் சித்தி